பதினெட்டும் பதினொன்றும்: ஒரு தீர்ப்பை அமெரிக்கக் கண்ணாடியில் வாசித்தல்

2017 பிப்ரவரி 18. எடப்பாடி பழனிசாமி அரசின் மீது நம்பிக்கை வாக்கெடுப்பு. தி.மு.க. உறுப்பினர்களை அவைக் காவலர்கள் வெளியேற்றிய பிறகு நடந்த வாக்கெடுப்பில் ஆதரவு 122, எதிர்ப்பு 11. எதிர்த்து வாக்களித்த 11 பேரும் ஆளுங்கட்சியான அ.தி.மு.க.வின் சட்டமன்ற உறுப்பினர்கள், ஓ. பன்னீர்செல்வம் அணியினர்.

அதே ஆண்டு ஆகஸ்ட் 22. அதே கட்சியின் 19 உறுப்பினர்கள், டி.டி.வி. தினகரன் ஆதரவாளர்கள், ஆளுநர் வித்யாசாகர் ராவைச் சந்தித்து, முதல்வர் மீது எங்களுக்கு நம்பிக்கை இல்லை என்று கடிதம் கொடுத்தார்கள். இவர்கள் அவையில் அரசுக்கு எதிராக வாக்களிக்கவில்லை. பிப்ரவரியில் ஆதரவாக வாக்களித்து அந்த அரசைக் காப்பாற்றியவர்களே இவர்கள்தான். 19 பேரில் கம்பம் ஜக்கையன் முதல்வர் அணிக்குத் திரும்பிவிட, மிச்சம் 18.

இப்போது ஒரு கேள்வி. கட்சித் தாவல் தடைச் சட்டப்படி பதவி போனது யாருக்கு? விஷயம் தெரியாத ஒருவரிடம் இந்த இரண்டு பத்தியையும் படித்துக் காட்டிக் கேட்டுப் பாருங்கள். "எதிர்த்து ஓட்டுப் போட்ட பதினோரு பேருக்குத்தான்" என்பார். நடந்தது நேர்மாறு. 2017 செப்டம்பர் 18 அன்று சபாநாயகர் ப. தனபால் அந்த 18 பேரைத் தகுதி நீக்கம் செய்தார். 11 பேரும் 2021-ல் பேரவையின் ஆயுள் முடியும்வரை உறுப்பினர்களாகவே இருந்தார்கள். அவர்களில் ஒருவர் துணை முதல்வர், இன்னொருவர் அமைச்சர்.

சில மாதங்களாக அமெரிக்க அரசியலமைப்பின் அடிப்படைக் கருத்துகளை வாசித்துக் குறிப்பெடுத்து வருகிறேன். அதிகாரப் பிரிவினை, தடையும் சமநிலையும், நீதிப்புனராய்வு, பிரதிநிதித்துவம் என்று நம் பாடப்புத்தகங்களிலும் வரும் அதே சொற்கள். தேர்வுக்குப் படித்தபோது வெறும் சொற்களாகத்தான் இருந்தன. எங்க ஊர் பெயரைத் தாங்கிய அரசின் கதையோடு சேர்த்துப் படித்தபோதுதான் அவை எதற்காக உண்டானவை என்று பிடிபட்டது. இந்தக் கட்டுரை 18 பேர் வழக்கின் தீர்ப்பைப் பற்றிய விமர்சனம். அந்த 18 பேருக்காகவோ 11 பேருக்காகவோ பேசும் வக்காலத்து அல்ல.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்துவிடுவோம். 1985-ல் 52-வது திருத்தம் மூலம் அரசியலமைப்பில் பத்தாவது அட்டவணை சேர்க்கப்பட்டது. ஒரு உறுப்பினர் இரண்டு வழிகளில் பதவி இழக்கலாம். ஒன்று, கட்சி உறுப்பினர் நிலையைத் தானாக முன்வந்து கைவிடுவது. இரண்டு, கட்சி கொறடாவின் உத்தரவை மீறி அவையில் வாக்களிப்பது அல்லது வாக்களிக்காமல் விடுவது. இரண்டாவது வழி கண்ணுக்குத் தெரியும் செயல். யார் எப்படி வாக்களித்தார் என்பது அவைக் குறிப்பில் இருக்கும். முதலாவது அப்படி இல்லை. ராஜினாமா கடிதம் கொடுக்காவிட்டாலும் நடத்தையை வைத்தே 'கைவிட்டார்' என்று முடிவு செய்யலாம் என 1994-ல் ரவி நாயக் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. நடத்தையை எடைபோடும் தராசு சபாநாயகர் கையில்.

18 பேர் இந்த முதல் வழியில்தான் வெளியேற்றப்பட்டார்கள். உட்கட்சிப் பிரச்சினையைக் கட்சிக்குள் பேசாமல் ஆளுநரிடம் கொண்டுபோனதே கட்சியைக் கைவிட்டதற்குச் சமம் என்பது வாதம். அவர்கள் தரப்பு கையில் எடுத்தது 2011-ன் ஜார்கிஹோளி தீர்ப்பை. கர்நாடகத்தில் எடியூரப்பா மீது நம்பிக்கை இல்லை என்று பா.ஜ.க. உறுப்பினர்கள் ஆளுநரிடம் கடிதம் கொடுத்தார்கள், சபாநாயகர் தகுதி நீக்கம் செய்தார், உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. முதல்வர், கடிதம், ஆளுநர், சபாநாயகர் என்று அச்சு அசலாக நம் கதை.

ஆனாலும் 2018 ஜூன் 14 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தில் தீர்ப்பு இரண்டாகப் பிரிந்தது. தலைமை நீதிபதி இந்திரா பானர்ஜி சபாநாயகரின் உத்தரவு செல்லும் என்றார். நீதிபதி எம். சுந்தர் செல்லாது என்றார். உச்ச நீதிமன்றம் நியமித்த மூன்றாவது நீதிபதி எம். சத்யநாராயணன் 2018 அக்டோபர் 25 அன்று செல்லும் என்று முடித்து வைத்தார்.

செல்லும் என்ற தரப்பின் நியாயத்தை முழுசாக வைத்துவிட்டுத்தான் குறை சொல்ல வேண்டும். 1992-ன் கிஹோட்டோ ஹோலோஹான் தீர்ப்பு நீதிமன்றத்துக்கு ஒரு எல்லை போட்டிருக்கிறது. சபாநாயகரின் முடிவில் கெட்ட எண்ணம், அரசியலமைப்பு மீறல், இயற்கை நீதி மறுப்பு, அறிவுக்கே ஒவ்வாத தன்மை இவற்றில் ஏதாவது இருந்தால்தான் தலையிடலாம். வேறு முடிவும் எடுத்திருக்கலாம் என்பதற்காக மாற்றக் கூடாது. ஆளுநரிடம் போய்த் தங்கள் கட்சி முதல்வர் மீது நம்பிக்கையில்லை என்று சொல்பவர், அடுத்து அவையில் அரசைக் கவிழ்க்கத்தானே போகிறார் என்று சபாநாயகர் நினைத்தது முட்டாள்தனமான முடிவு அல்ல. அந்த எல்லைக்குள் நின்று பார்த்தால் தீர்ப்பு தப்பு என்று அடித்துச் சொல்ல முடியாது.

என் சிக்கல் அந்த எல்லையில்தான். 11 பேர் வழக்கைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அவர்கள் மீது 2017-லேயே சபாநாயகரிடம் புகார் போனது. அவர் முடிவு எடுக்கவில்லை. உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2018 ஏப்ரல் 27 அன்று, சபாநாயகர் முடிவெடுக்க வேண்டிய விஷயத்தில் நீதிமன்றம் நுழைய முடியாது என்று மனு தள்ளுபடியானது. உச்ச நீதிமன்றம் 2020 பிப்ரவரியில், சபாநாயகர் நோட்டீஸ் அனுப்பிவிட்டார், அவரே முடிவெடுப்பார் என்று வழக்கை முடித்து வைத்தது. பேரவையின் ஆயுள் முடியும்வரை அவர்கள் பதவி போகவில்லை.

ஆக, 18 பேர் விஷயத்தில் சபாநாயகர் முடிவெடுத்துவிட்டார், அதனால் நீதிமன்றம் தலையிட முடியாது. 11 பேர் விஷயத்தில் சபாநாயகர் இன்னும் முடிவெடுக்கவில்லை, அதனால் நீதிமன்றம் தலையிட முடியாது. ரெண்டு பதிலுக்கும் கிஹோட்டோதான் ஆதாரம். முடிவுக்கு முன்னால் குறுக்கிடக் கூடாது என்பதும் அந்தத் தீர்ப்பில்தான் இருக்கிறது. தனித்தனியாக வாசித்தால் இரண்டும் ஒழுங்கான சட்ட வாதங்கள். சேர்த்து வாசித்தால், நீதிப்புனராய்வு என்ற சொல் மட்டும் மிஞ்சுகிறது.

இங்கேதான் அமெரிக்கா உதவுகிறது. அவர்களுடையது உயர்ந்தது என்பதற்காக அல்ல; அதே கேள்விக்கு வேறு மாதிரி பதில் எழுதியிருக்கிறார்கள் என்பதற்காக.

18 பேர் ஆளுநரைச் சந்திப்பதற்கு நாலு வாரம்கூட முன்னால் இல்லை, 2017 ஜூலை 28 அதிகாலை. ஒபாமா காலத்து மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தின் முக்கியப் பகுதிகளை நீக்க அமெரிக்க செனட்டில் வாக்கெடுப்பு. ஆளும் குடியரசுக் கட்சியின் ஜான் மெக்கெயின் அவைக்குள் நடந்து வந்து, கட்டை விரலைக் கீழே காட்டி எதிர்த்து வாக்களித்தார். அவரோடு சூசன் காலின்ஸ், லிசா முர்கோவ்ஸ்கி. 49-க்கு 51 என்று மசோதா தோற்றது. அதிபர் டிரம்புக்குக் கோபம், கட்சிக்குக் கோபம். மெக்கெயினின் பதவிக்கு என்ன ஆச்சு? ஒன்றும் ஆகவில்லை. அடுத்த ஆண்டு இறக்கும்வரை செனட்டராகவும் ராணுவக் குழுவின் தலைவராகவும் இருந்தார். 2001-ல் ஜிம் ஜெஃபர்ட்ஸ் குடியரசுக் கட்சியிலிருந்தே விலகினார். செனட்டின் பெரும்பான்மையே கைமாறியது. அவர் இருக்கை அவரிடமே இருந்தது.

காரணம், 1787-ல் எழுதப்பட்ட அந்த அரசியலமைப்பில் கட்சி என்ற சொல்லே கிடையாது. இருக்கை வாக்காளர் கொடுத்தது. அதைப் பறிக்க அந்த அவையின் மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர்கள் வாக்களிக்க வேண்டும். பிரதிநிதிகள் சபையின் மொத்த வரலாற்றில் அப்படி வெளியேற்றப்பட்டவர்களில் ஆறாவது ஆள், 2023 டிசம்பரில் ஜார்ஜ் சாண்டோஸ். வெளியேற்றாமல், உள்ளேயே விடாமல் தடுக்கலாமா என்று 1967-ல் ஒரு முயற்சி நடந்தது. ஆடம் கிளேட்டன் பவல் என்ற கறுப்பின உறுப்பினர் மீது நிதி முறைகேட்டுப் புகார், பதவியேற்கவே விடவில்லை. 1969-ல் உச்ச நீதிமன்றம், வயது, குடியுரிமை, வசிப்பிடம் இந்த மூன்று தகுதியும் உள்ளவரை மக்கள் தேர்ந்தெடுத்தால், சபைக்கு அவரை ஒதுக்கும் அதிகாரம் இல்லை என்றது. இது சபையின் உள்விவகாரம், நீதிமன்றம் தலையிடக் கூடாது என்ற வாதம் அங்கேயும் வந்தது. ஏற்கவில்லை. வாக்காளர் யாரைத் தேர்ந்தெடுத்தார் என்பது சபையின் உள்விவகாரம் அல்ல.

உடனே ஒரு நியாயமான மறுப்பு வரும். அங்கே அதிபரை மக்கள் தனியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். மெக்கெயின் எதிர்த்தால் மசோதா தோற்கும், டிரம்ப் வீட்டுக்குப் போக மாட்டார். இங்கே 18 பேர் எதிர்த்தால் அரசே கவிழும். அதிகாரப் பிரிவினை உள்ள நாட்டின் வழக்கத்தை அது இல்லாத நாடாளுமன்ற முறையில் ஒட்டவைக்க முடியுமா?

பாதி உண்மை. ஆனால் பிரிட்டன் நமக்கு முன்னோடியான நாடாளுமன்ற முறை. 2019 செப்டம்பரில் 21 கன்சர்வேட்டிவ் உறுப்பினர்கள் பிரதமர் போரிஸ் ஜான்சனுக்கு எதிராக வாக்களித்தார்கள். கட்சி அவர்களை நாடாளுமன்றக் குழுவிலிருந்து நீக்கியது. எம்.பி. பதவியை யாரும் தொடவில்லை. கட்சி தன் கதவைச் சாத்திக்கொள்ளலாம். மக்கள் திறந்த கதவைச் சாத்த முடியாது.

இன்னொரு மறுப்பு கனமானது. இது இந்தியா, 1967-ல் ஹரியானாவில் கயா லால் கட்சி விட்டுக் கட்சி தாவிய கதையிலிருந்து பிறந்த சட்டம் இது, எடுத்துவிட்டால் ஆளுக்கொரு விலை போட்டு வாங்குவார்கள். அந்தப் பயம் பொய்யல்ல. ஆனால் சட்டம் இருந்தபோதுதானே 2017 பிப்ரவரியில் உறுப்பினர்களைக் கூவத்தூர் விடுதியில் கொண்டுபோய் வைத்தார்கள்? சட்டம் இருக்கும்போதுதானே 2019-ல் கோவாவில் காங்கிரஸின் 15 பேரில் 10 பேர் மொத்தமாக பா.ஜ.க.வுக்குப் போனார்கள்? மூன்றில் இரண்டு பங்கு சேர்ந்து போனால் அதற்குப் பெயர் இணைப்பு, அனுமதி உண்டு. எங்க ஊர் ஜவுளி வியாபாரத்தில் சொன்னால், துண்டை ஒவ்வொன்றாக விற்றால் குற்றம், பேல் கட்டி விற்றால் வியாபாரம்.

சரி, அப்படின்னா நோய் எங்கே? மூன்று நாட்டுச் சபாநாயகர்களைப் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தேன். அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் சபாநாயகர் பச்சையான கட்சிக்காரர், பெரும்பான்மைக் கட்சியின் தலைவர். யாரும் மறைப்பதில்லை. ஆனால் ஒரு உறுப்பினரின் இருக்கையைப் பறிக்கும் அதிகாரம் அவருக்கு இல்லை. பிரிட்டன் சபாநாயகர் பதவிக்கு வந்ததும் கட்சியைவிட்டு விலகிவிடுகிறார். நம் சபாநாயகர் கட்சியிலும் இருக்கலாம், அதே கட்சியின் உட்சண்டையில் நீதிபதியாகவும் இருக்கலாம். முதல் நாட்டில் கட்சி உண்டு, தீர்ப்பு இல்லை. இரண்டாவதில் கட்சியே இல்லை. இரண்டையும் ஒரே நாற்காலியில் உட்கார வைத்தது நாம்தான். கட்சியிலிருந்து விலகிக்கொள்ள பத்தாவது அட்டவணையே சபாநாயகருக்கு இடம் தருகிறது. அதைப் பயன்படுத்துவோர் அரிது.

தனபால் சேலம் - நாமக்கல் பக்கத்து அரசியல்வாதி. சங்ககிரியிலும் ராசிபுரத்திலும் ஜெயித்தவர். மரியாதையான மனிதர் என்றுதான் இங்கே பேச்சு. அதை மறுக்க எனக்கு ஒரு காரணமும் இல்லை. அமெரிக்க அரசியலமைப்பை வடித்தவர்களின் அடிப்படைச் சந்தேகமே இதுதான்: நல்லவர் வருவார் என்று நம்பிப் பதவியை வடிவமைக்காதே, யார் வந்தாலும் கட்டுப்படும்படி வடிவமை. கிஹோட்டோ தீர்ப்பு 3-க்கு 2 என்று பிரிந்தது. சபாநாயகர் பதவியின் உயர்ந்த மரபை நம்ப வேண்டும் என்றது பெரும்பான்மை. பெரும்பான்மையின் ஆதரவு இருக்கும்வரைதான் சபாநாயகர் அந்தப் பதவியில் இருக்க முடியும், அவரை எப்படிச் சுதந்திரமான நீதிபதி என்பது என்று கேட்டது ஜே.எஸ். வர்மாவும் எல்.எம். சர்மாவும் அடங்கிய சிறுபான்மை. அந்தத் தீர்ப்பின் தேதி 1992 பிப்ரவரி 18. எடப்பாடி அரசின் நம்பிக்கை வாக்கெடுப்பு நடந்தது சரியாக 25 ஆண்டு கழித்து, அதே தேதியில்.

இதெல்லாம் சென்னை விவகாரம், நமக்கென்ன என்று தோன்றலாம். தொகுதிப் பெயர்களைப் பாருங்கள். அந்த 11 பேரில் ஒருவர் எங்களுக்குப் பக்கத்துத் தொகுதியான மேட்டூரின் செம்மலை. 18 பேரில் இருவர் சேலத்துக்கு அந்தப் பக்கம் உள்ள அரூரும் பாப்பிரெட்டிப்பட்டியும். மேட்டூர்க்காரருக்கு எம்.எல்.ஏ. இருந்தார். அரூர்க்காரருக்கு 2017 செப்டம்பரிலிருந்து 2019 மே வரை, 20 மாதம், யாரும் இல்லை. வழக்கு நடந்ததால் இடைத்தேர்தலும் இல்லை. 18 தொகுதிகள், பேரவையின் 234-ல் சரியாகப் பதிமூன்றில் ஒரு பங்கு.

அரூர்ப் பக்கம் பெண் கொடுத்திருக்கும் ஒரு தறிக்காரரிடம் இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். அவர் பழனிசாமிக்குத்தான் எப்பவும் ஓட்டுப் போடுபவர். நம்ம ஊர்க்காரர் முதலமைச்சரானதில் அவருக்கு இன்னும் பெருமை தீரவில்லை. அவரே கேட்டார்: "ஏனுங்க, அந்த ஆளு தப்புப் பண்ணுனான்னே வெச்சுக்குவோம். அவனத் தூக்குனது சரிதானுங்க. ஆனா சம்பந்தி ஊட்டுக்காரங்க போட்ட ஓட்டு என்னங்க தப்புப் பண்ணுச்சு?"

தீர்ப்புகளைப் புரட்டும்போது என் மனசில் நின்றது இந்தக் கேள்விதான். வழக்கில் சபாநாயகர் இருந்தார், உறுப்பினர்கள் இருந்தார்கள், கொறடா இருந்தார், முதல்வர் இருந்தார். அரூர் வாக்காளர் ஒரு தரப்பாகவே இல்லை. பவல் வழக்கில் அவருடைய தொகுதி வாக்காளர்கள் சிலரும் அவரோடு சேர்ந்து வழக்குத் தொடுத்தவர்கள்.

"கடைசியில் மக்கள் தீர்ப்பு சொன்னார்களே" என்பார்கள். சொன்னார்கள். 2019 இடைத்தேர்தலில் தினகரனின் அ.ம.மு.க. ஒரு இடத்திலும் ஜெயிக்கவில்லை. அரூரையும் பாப்பிரெட்டிப்பட்டியையும் அ.தி.மு.க.வே எடுத்தது, 22 இடங்களில் தி.மு.க.வுக்கு 13, அ.தி.மு.க.வுக்கு 9. கட்சியை எதிர்த்தவர்களை மக்கள் ஏற்கவில்லை என்பதற்கு இது நல்ல சான்று. அப்படியானால் அந்த வேலையை மக்களிடமே விட்டிருக்கலாமே என்பதற்கும் இதுவே சான்று.

2021-ல் ஆட்சி மாறியது. எடப்பாடி தொகுதியில் பழனிசாமி 93 ஆயிரத்துக்கும் மேல் வித்தியாசத்தில் ஜெயித்து எதிர்க்கட்சித் தலைவரானார். 2022-ல் பன்னீர்செல்வம் கட்சியைவிட்டு நீக்கப்பட்டார். எதிர்க்கட்சித் துணைத் தலைவர் இருக்கையை ஆர்.பி. உதயகுமாருக்குக் கொடுங்கள் என்று அ.தி.மு.க. கேட்டது. சபாநாயகர் மு. அப்பாவு உடனே செய்யவில்லை. அவையில் கூச்சல், 2022 அக்டோபரில் அ.தி.மு.க. உறுப்பினர்கள் வெளியேற்றம், கடைசியில் இருக்கை மாறியது 2024 பிப்ரவரியில். சபாநாயகர் ஒருதலைப்பட்சமாக நடக்கிறார் என்று அப்போது பழனிசாமி தரப்பு சொன்னது. அந்த வாதம் சரியா தவறா என்பதற்குள் நான் போகவில்லை. 2017-ல் அந்த நாற்காலியின் எல்லையற்ற அவகாசம் யாருக்கு வசதியாக இருந்ததோ அவர்களையே அது ஐந்தே வருடத்தில் அலைக்கழித்தது.

மாற்று என்ன? புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. 1990-லேயே தினேஷ் கோஸ்வாமி குழு, கட்சியைத் தானாகக் கைவிடுவது தவிர, கொறடா உத்தரவை மீறியதற்கான தகுதி நீக்கத்தை நம்பிக்கை வாக்கெடுப்பு போன்றவற்றோடு நிறுத்திக்கொள்ளவும், முடிவைத் தேர்தல் ஆணையத்தின் ஆலோசனைப்படி குடியரசுத் தலைவரிடமோ ஆளுநரிடமோ விடவும் சொன்னது. 2020 ஜனவரியில் மணிப்பூர் வழக்கில் உச்ச நீதிமன்றம், சபாநாயகர் பொதுவாக மூன்று மாதத்துக்குள் முடிவெடுக்க வேண்டும், ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் நிரந்தரத் தீர்ப்பாயம் அமைப்பதை நாடாளுமன்றம் யோசிக்க வேண்டும் என்றது. நாடாளுமன்றம் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறது.

கோஸ்வாமி குழுவின் அளவுகோலை 2017-க்குப் போட்டுப் பார்த்தேன். நம்பிக்கை வாக்கெடுப்பில் எதிர்த்து வாக்களித்த 11 பேர், எங்களுக்குக் கொறடா உத்தரவே செல்லுபடியாகும் விதத்தில் வரவில்லை என்று நிரூபிக்காவிட்டால், பதவி இழந்திருப்பார்கள். ஆளுநரிடம் கடிதம் கொடுத்த 18 பேர் கட்சியைக் கைவிட்டார்களா என்ற முடிவு சபாநாயகரிடம் இருந்திருக்காது. மேட்டூருக்கு ஆறு மாதத்தில் இடைத்தேர்தல் வந்திருக்கும், அரூரில் எம்.எல்.ஏ. ஆபீஸ் பூட்டாமலும் இருந்திருக்கலாம். அரசு நிலைத்திருக்குமா கவிழ்ந்திருக்குமா, எனக்குத் தெரியாது. அதை முடிவு செய்யும் இடம் பேரவை. சபாநாயகரின் அறை அல்ல.